அட்டைக்கு ஒரு கண், ஆளுக்கு ஒரு கண்

அத்தியாயம் 7: சுடுபயிற்சியைப் பதிவுசெய்யக் கேமரா வாங்குவது

சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான், மகளுக்கென்று ஓர் ஆக்‌ஷன் கேமரா கொண்டுவந்தார். ராத்தா (அக்கா) மகள் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகத் தொடங்கி அப்போது மூன்று மாதம். காயல்பட்டினத்துப் பழைய வீடுகளின் நீளம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவாசலில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் இருப்பவருக்குக் காது கேட்காது. பத்து மீட்டருக்கு மேல் நேரான நடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. கேமராவை அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் வைத்து ஒரு மணி நேரம் பதிவுசெய்தோம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு பக்கச் சுவரும் வில்லாக வளைந்திருந்தன. மின்விசிறி தெரிந்தது, சாத்தி வைத்த ஏணி தெரிந்தது, அவள் முதுகு தெரிந்தது.

"மாமா, அட்டை எங்கெ ஈக்குது?" என்றாள்.

தேடினோம். நடையின் கடைசியில் அரிசிமணி போல ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் அட்டை. அதில் அவள் போட்ட ஓட்டைகளைத் தேட எங்களுக்குத் துணிவில்லை.

கேமரா நல்ல கேமராதான். எங்களுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாமல் வைத்தது எங்கள் பிழை. கடையில் போய் "எந்தக் கேமரா நல்லது?" என்று கேட்கிற எல்லோரும் இதே பிழையைத்தான் செய்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: அட்டையைப் பார்க்க வேண்டுமா, ஆளைப் பார்க்க வேண்டுமா? இரண்டையும் ஒரே கேமராவால் பார்க்க முடியாது. பார்க்க முயன்றால் இரண்டும் கெடும். இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

கொஞ்சம் கணக்கு

கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் பத்து நிமிடம் இதில் செலவழித்தால் பத்தாயிரம் ரூபாய் மிஞ்சும்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டை 80 மில்லிமீட்டர் சதுரம். நடுப் பத்து என்பது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒவ்வொரு வளையமும் 5 மி.மீ. விட்டம் கூடி, கடைசி வளையம் 45.5 மி.மீட்டரில் முடிகிறது. கறுப்புப் பகுதி 30.5 மி.மீ. பெல்லட் 4.5 மி.மீ. பிஸ்டல்காரர்களுக்குக் கொஞ்சம் தாராளம்: நடுப் பத்து 11.5 மி.மீ., கடைசி வளையம் 155.5 மி.மீ. நாம் படத்தில் பார்க்க விரும்புவது ஒரு பட்டாணியைவிடச் சிறிய ஓட்டையை, ஒரு லாரியின் நீளத்துக்கு அப்பால் இருந்து.

கேமராப் பெட்டியில் "35 மி.மீ. சமானம்" என்று ஓர் எண் போட்டிருக்கும். 36-ஐ அந்த எண்ணால் வகுத்து, தூரத்தால் பெருக்கினால், அந்தத் தூரத்தில் படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்று கிடைத்துவிடும். சாதாரண போனின் முதன்மைக் கேமரா 26 மி.மீ. சுமார். 36-ஐ 26-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 13.8 மீட்டர். முழு எச்.டி. வீடியோவில் அகலவாக்கில் 1920 புள்ளிகள். ஆக ஒரு புள்ளிக்கு 7 மி.மீ. பெல்லட் ஓட்டையோ 4.5 மி.மீ. ஒரு புள்ளிகூடத் தேறாது. 4கே என்றாலும் ஓட்டைக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். ஆக்‌ஷன் கேமரா இன்னும் அகலம், 16 மி.மீ. வட்டாரம். 22 மீட்டர் அகலத்தை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளும். எங்கள் அரிசிமணிக்குக் காரணம் இதுதான்.

ஓட்டையை ஐயமின்றிப் பார்க்க அதற்குக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் வேண்டும். அதாவது ஒரு புள்ளிக்கு 0.4 மி.மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இதற்கு வழி இரண்டு. ஒன்று, 600 மி.மீ. சமானத்துக்கு இழுக்கிற ஜூம் கேமராவைச் சுடுபவர் பக்கத்தில் வைப்பது. 11 மீட்டரில் படத்தின் அகலம் 66 செ.மீ.; புள்ளிக்கு 0.34 மி.மீ. மற்றது, மேசை இழுப்பறையில் கிடக்கிற பழைய போனை அட்டையிலிருந்து அரை மீட்டரில் வைப்பது. படத்தின் அகலம் 69 செ.மீ.; புள்ளிக்கு 0.36 மி.மீ.

இரண்டும் ஏறத்தாழ ஒரே படம். ஒன்றின் விலை பத்து, பதினைந்தாயிரத்தில் தொடங்கும். மற்றது இலவசம்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் படத்தை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். இப்போதைய போட்டிகளில் 10.1, 10.2 என்று 10.9 வரை தசமத்தில் எண்ணுகிறார்கள். ஒரு தசமத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கால் மில்லிமீட்டர்தான். நம் ஒரு புள்ளியே அதைவிடப் பெரியது. அந்த வேலைக்குத்தான் எலக்ட்ரானிக் டார்கெட்டுகள் இருக்கின்றன. பெய்ஜிங்கில் 2008-இல் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டுக்கு எடுத்த 10.8 அப்படி அளந்ததுதான்.

அப்படியானால் அட்டையைப் படம் பிடிப்பது எதற்கு? வரிசைக்கு. ஓர் அட்டையில் ஐந்து முறை சுட்டபின் போய்ப் பார்த்தால் ஐந்து ஓட்டை இருக்கும். எது முதலில், எது கடைசியில் என்று அட்டை சொல்லாது. வீடியோ சொல்லும். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒவ்வொரு ஓய்வுக்குப் பிறகும் முதல் குண்டு கீழே போகிறது என்பதை அட்டைகளை அடுக்கி வைத்துப் பார்த்து ஒரு மாதம் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய போன் இரண்டு நாளில் காட்டிக்கொடுத்தது.

அட்டைக் கண்

பழைய ஆண்ட்ராய்டு போன் இருந்தால் இந்தத் தலைப்பில் ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம். போனைக் கேமராவாக மாற்றும் செயலிகள் பல உண்டு. ஐபி வெப்கேம், ட்ராய்ட்கேம் இரண்டும் பலரும் பயன்படுத்துபவை. வீட்டு வைஃபையிலோ இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டிலோ இணைத்தால், சுடுபவர் பக்கத்தில் இருக்கும் திரையில் அட்டை உடனுக்குடன் தெரியும். திரை உடைந்த போன், சிம் போடும் இடம் கெட்ட போன், எதுவானாலும் சரி. கேமராவும் சார்ஜும் வேலை செய்தால் போதும்.

வைக்கும் இடம்தான் முக்கியம். அட்டைக்கு நேர் முன்னால் எதுவும் வரக் கூடாது. பக்கவாட்டில், அட்டை மட்டத்துக்குக் கீழே, சாய்வாக அட்டையைப் பார்க்கும்படி வையுங்கள். சுடுபவர் பக்கம் பார்த்த முகத்துக்கு ஓர் இரும்புத் தகடோ கனமான பலகையோ மறைப்பு. பெல்லட் ஈயம், அட்டைக்குப் பின்னால் அதைப் பிடிக்க வைத்த பெட்டியின் தகட்டில் பட்டு நசுங்கிச் சில்லாகத் தெறிக்கும். ஆகவே லென்ஸுக்கு முன் ஓர் அக்ரிலிக் தகடு வேண்டும். சாய்வாகப் பார்ப்பதால் வட்டம் முட்டையாகத் தெரியும். தெரியட்டும், நமக்கு வேண்டியது வரிசை.

பழைய போன் இல்லாதவர்களுக்கு மூன்று வழி.

கம்ப்யூட்டரில் செருகும் வெப்கேம் மலிவு. 1080 என்று போட்டதாகப் பாருங்கள், 720 போதாது. அதைவிட முக்கியம், ஃபோகஸை அரை மீட்டருக்குத் திருப்பி வைக்க முடிகிறதா என்பது. பல மலிவு வெப்கேம்கள் முகத்தைப் பார்க்கவே செய்தவை, ஃபோகஸ் நிலையானது. யு.எஸ்.பி. கம்பி ஐந்து மீட்டருக்கு மேல் சும்மா நீட்டினால் படம் நின்றுபோகும். நடுவில் மின்சாரம் ஊட்டும் ரிப்பீட்டர் கம்பி வேண்டியிருக்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

வீட்டுக் காவலுக்கு விற்கும் வைஃபை கேமரா இரண்டாவது. படம் பரவாயில்லை. ஆனால் அவற்றில் பல, படத்தை எங்கோ ஒரு கணினிக்கு அனுப்பிவிட்டுத்தான் உங்களுக்கே காட்டும். எங்கள் வீட்டில் உம்மா இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. பெண்கள் நடமாடும் வீட்டுக்குள் வெளியூரில் யாரோ பார்க்கக்கூடிய கண்ணை எதற்கு வைக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. மெமரி கார்டில் மட்டும் பதியும்படி அமைக்க முடிந்தால், கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றினால், அட்டையும் சுவரும் தவிர வேறெதுவும் படத்தில் விழாதென்றால் மட்டும் வாங்குங்கள்.

மூன்றாவது, நீள ஜூம் கேமரா. இதன் பெரிய வசதி, சுடும் கோட்டைத் தாண்டி எதையும் வைக்க வேண்டியதில்லை. கிளப் ரேஞ்சில் சுடுபவர்களுக்கு இதுவே வழி, ஏனென்றால் அங்கே டார்கெட் பக்கம் உங்கள் பொருளை வைக்க விடமாட்டார்கள். கேனான் எஸ்எக்ஸ்540, சோனி எச்எக்ஸ்400 போன்ற 50 மடங்கு ஜூம் கேமராக்கள் 24-இலிருந்து 1200 மி.மீ. சமானம் வரை இழுக்கும். நமக்கு அதில் பாதியே போதும். கையடக்க வீடியோ கேமராக்களில் சோனி சிஎக்ஸ்405-க்கு 30 மடங்கு ஜூம், 800 மி.மீ. சமானம் வரை. இவற்றைப் புதிதாகத் தேடி அலையாதீர்கள். பழையது வாங்கினாலே நன்று. கல்யாண வீடியோக்காரர்கள் பெரிய கேமராவுக்கு மாறும்போது சின்னதை விற்பார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி ஸ்டுடியோக்களில் சொல்லி வையுங்கள். டேப் போடுகிற கேமராவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், டேப்புக்கு எங்கே போவீர்கள்?

பெட்டியில் "120 மடங்கு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் பக்கத்தில் சின்ன எழுத்தைப் படியுங்கள். ஆப்டிகல் ஜூம் மட்டுமே ஜூம். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. அதை வீட்டில் நாமே செய்துகொள்ளலாம். கடையில் சோதிக்கும்போது பத்து மீட்டர் எட்டிப்போய், கையோடு கொண்டுபோன டார்கெட் அட்டையைச் சுவரில் ஒட்டி, முழு ஜூமில் வளையக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

.22 ரைஃபிளில் 50 மீட்டர் சுடுபவர்கள், குறிப்பாக என்.சி.சி. பிள்ளைகள், ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் போனைப் பொருத்தும் பிடிப்பான் வாங்குவது நல்லது. வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் கானலில் 50 மீட்டர் அட்டை தண்ணீருக்குள் கிடப்பது போல ஆடும். காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஆள் கண்

உடம்பைப் படம் பிடிக்க இப்போது கையில் இருக்கும் போனே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

நம்பிக்கை வராதவர்களுக்கு ஒரு செய்தி. கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில், ஷிமோன் ஷெரீஃப் என்ற இந்தியர் ஒரு சர்வதேச ஆன்லைன் துப்பாக்கி சுடும் போட்டியை நடத்தினார். பல நாட்டு வீரர்கள் தங்கள் வீடுகளில் எலக்ட்ரானிக் டார்கெட் வைத்துச் சுட, மற்றவர்கள் ஜூம் செயலியில் பார்த்தார்கள். வீட்டிலேயே ரேஞ்ச் என்பதும் புதிதில்லை; பிந்த்ராவுக்கு அவர் பெற்றோர் வீட்டிலேயே சுடுதளம் கட்டிக் கொடுத்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. நடை இருக்கிறது, போன் இருக்கிறது.

பக்கவாட்டிலிருந்து ஒரு பதிவு, பின்னாலிருந்து ஒரு பதிவு. பக்கவாட்டில் பார்த்தால் இடுப்பு முன்னே தள்ளுவதும், முதுகு பின்னே சாய்வதும், கன்னம் துப்பாக்கிக் கட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படிகிறதா என்பதும் தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலமாக ஆடுவது தெரியும். முன்னாலிருந்து பார்க்க ஆசை வரும். துப்பாக்கிக்கு முன்னால் ஆளும் போகக் கூடாது, ஆள் பிடித்த போனும் போகக் கூடாது.

போனைத் தரையில் சாய்த்து வைத்து எடுத்தால் நேராக நிற்பவரும் சாய்ந்து நிற்பது போலத் தெரியும். லென்ஸ் சுடுபவரின் நெஞ்சு உயரத்தில், மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். எனக்கு ஒரு கொத்தனார் சொல்லாமல் சொல்லிக் கொடுத்த தந்திரம் உண்டு: அவர் தூக்குக்குண்டை வாங்கி வந்து, சுடுபவருக்குப் பின்னால் சுவரோரம் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டேன். அந்த நூல் படத்தில் விழுந்ததும் சாய்வு எவ்வளவு என்று கேட்க யாரையும் தேட வேண்டியதில்லை. நூல் நேராக நிற்கிறது, முதுகு நிற்கவில்லை; குழந்தைக்கும் தெரியும்.

விரலைப் பார்க்க மட்டும் மெதுவோட்டப் பதிவு வேண்டும். ஏர் ரைஃபிள் பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் சுமார் வேகத்தில் போகிறது. பத்து மீட்டரைக் கடக்க நொடியில் பதினேழில் ஒரு பங்குதான். நொடிக்கு 30 படம் எடுக்கும் வீடியோவில் அது இரண்டு படத்துக்குள் முடிந்துவிடும். 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் பதினான்கு படம் கிடைக்கும். விரல் டிரிக்கரைச் சீராக அழுத்தியதா, வெடுக்கென்று இழுத்ததா, சுட்ட உடனே தலை தூக்கியதா, கண் சிமிட்டியதா எல்லாம் அதில் இருக்கும். இதற்கு ஐந்து குண்டு பதிவு போதும். முழுப் பயிற்சியையும் ஸ்லோ மோஷனில் எடுத்தால் யார் உட்கார்ந்து பார்ப்பது?

ஒலியையும் அணைத்துவிடாதீர்கள். வீடியோ வெட்டும் செயலியில் ஒலி அலையாகத் தெரியும் இடத்தில் ஒவ்வொரு குண்டும் ஒரு முள்ளாக நிற்கும். அதைப் பிடித்துத் தாவினால் ஒரு மணி நேரப் பதிவை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடிக்கலாம். அட்டை வீடியோவையும் ஆள் வீடியோவையும் ஒன்றோடொன்று பொருத்துவதும் இந்த முள்ளை வைத்துத்தான். துப்பாக்கியைத் தோளில் ஊன்றியதிலிருந்து சுடும்வரை எத்தனை நொடி என்றும் எண்ணிப் பாருங்கள். நல்ல குண்டுகளுக்கு ஆன நேரமும் கெட்ட குண்டுகளுக்கு ஆன நேரமும் வேறாக இருந்தால், பயிற்சியாளரிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது. அவருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் நசுங்கிப்போகும்.

லட்ச ரூபாய் வட்டாரத்தில் ஸ்கேட் (SCATT) போன்ற எலக்ட்ரானிக் பயிற்சிக் கருவிகள் கிடைக்கின்றன. குழல் எப்படி அலைந்தது என்று கோடு போட்டுக் காட்டும். மாநிலப் போட்டியைத் தாண்டும் வரை அதை நினைக்க வேண்டாம்.

வெளிச்சம், கரண்ட், கார்டு

எங்கள் ஆக்‌ஷன் கேமராவின் முதல் வீடியோவில் இன்னொரு கோளாறும் இருந்தது: படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடின. பழுது என்று நினைத்தோம். பழுதில்லை. சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. நம் ஊர் விளக்கு நொடிக்கு நூறு முறை மங்கி ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அமைப்பில் போய் 50 ஹெர்ட்ஸ் என்றோ பால் (PAL) என்றோ மாற்றியதும் பட்டை போய்விட்டது. துபாய், ஹாங்காங் சாமான்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அங்கேயும் 50 தான். ஆனால் ஸ்லோ மோஷனில் எந்த ஊர்க் கேமராவும் மலிவு எல்.இ.டி. விளக்கின் கீழ் மினுங்கும். அதைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வதேச விதிப்படி பத்து மீட்டர் டார்கெட்டில் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். வீட்டு டியூப்லைட்டில் அது வராது. அட்டைக்கென்று ஒரு விளக்கைப் பக்கவாட்டில் சாய்வாகப் போடுங்கள். கறுப்பில் விழுந்த ஓட்டை கறுப்பாகவே இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் அதன் விளிம்பு தெரியும். பிறகு போன் திரையில் அட்டையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால், இருட்டு நடையைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும். அட்டை சுண்ணாம்படித்த சுவர் மாதிரி வெளுத்துப்போகும்.

போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம், அதற்கு முன் ஆயத்தத்துக்கும் சரிபார்ப்புக்கும் 15 நிமிடம். வீட்டில் அதே போல ஒத்திகை பார்க்க விரும்பினால் ஒன்றரை மணி நேரம் நிற்காமல் பதிய வேண்டும். பழைய போட்டோக் கேமராக்கள் பலவும் அரை மணி நேரத்துக்கு ஒரு நொடி முன்னதாக நின்றுவிடும். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். போனில் முழு எச்.டி. வீடியோ நிமிடத்துக்கு 130 எம்.பி. வரை பிடிக்கும், ஒன்றரை மணிக்குப் பன்னிரண்டு ஜி.பி. என்று கணக்கு வையுங்கள். 64 ஜி.பி. கார்டு தாராளம். முந்நூறு ரூபாய்க்கு 512 ஜி.பி. என்று யாராவது நீட்டினால் அது கார்டு இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் பர்மா பஜாரில் வாங்கினாலும், முழுக் கொள்ளளவையும் நிரப்பிப் பார்த்தபின்தான் நம்ப வேண்டும்.

கேமராவில் மிச்சம் பிடித்த பணத்தை ஸ்டாண்டில் போடுங்கள். ஆடாத ட்ரைபாட் ஒன்று, மேசையில் கவ்வும் பிடிப்பான் ஒன்று. 600 மி.மீட்டரில் கேமராவைத் தொட்டாலே அட்டை படத்தைவிட்டு ஓடிவிடும். மெல்லிய கால்களில் நிற்கும் ட்ரைபாட்டில், பக்கத்தில் யாராவது நடந்தாலும் ஆடும். கனத்துக்கு நடுவில் ஒரு பை மணல் தொங்கவிடலாம். கடற்கரை ஊரில் மணலுக்குப் பஞ்சமில்லை.

கடற்கரை ஊரின் தொல்லை வேறு. உப்புக் காற்றில் திருகாணிகள் பூக்கும், லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலை மாதிரி பிடிக்கும். பழைய ஜூம் கேமரா வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வலை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பைகளோடு வையுங்கள். அரிசியில் புதைப்பது வேண்டாம், தூசி புகும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்தத் தண்ணீரில் டப்பாவும் காப்பாற்றாது. அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்ததால் எங்களுடையது பிழைத்தது.

ஆளுக்கு முன் யாருமில்லை

காயல்பட்டினத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே முடுக்கு இருக்கும். பெண்கள் அதன் வழியாகத்தான் அடுத்த வீட்டுக்குப் போய்வருவார்கள். கதவைத் தட்டுவதும் வழக்கமில்லை. ஆகவே முடுக்குப் பக்கம் திறக்கும் கதவு இருக்கும் திசையில் ஒருபோதும் டார்கெட் வைக்காதீர்கள். நடையில் பாதி வழியில் திறக்கும் கதவுகளை உள்ளே தாழ் போட்டுவிட்டு, வீட்டிலிருக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் முதல் பெல்லட். கேமராவைச் சரிசெய்ய முன்னே போக வேண்டுமா? துப்பாக்கியைத் திறந்து, பெல்லட் இல்லை என்று பார்த்து, மேசையில் வைத்து, கையை எடுத்த பிறகு போங்கள். "ஒரு செகண்ட் தானே" என்று போவதுதான் வினை. பாதுகாப்புக் கண்ணாடி சுடுபவருக்கு மட்டுமில்லை, படம் பிடிப்பவருக்கும் வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் போனையும் தொடாதீர்கள், சோற்றையும் தொடாதீர்கள்.

கிளப் ரேஞ்சில் பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். போட்டியில் சுடும் கோட்டில் போன் கூடாது. பார்வையாளர் பகுதியிலிருந்து எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் கூடாது. போலீஸ், ராணுவப் பயிற்சித் தளங்களின் பக்கம் படமெடுக்கப் போகவே போகாதீர்கள். 2021 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் இப்படியொரு தளத்திலிருந்து தப்பிவந்த குண்டு, வெளியே ஒரு வீட்டில் இருந்த சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் பிள்ளை இறந்துபோனான்.

எடுத்த வீடியோவை ரீல்ஸில் போடலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம். நம் தென்மாவட்டங்களில் அரிவாளோடு வீடியோ போட்டு வழக்கில் சிக்கிய பையன்களைப் பற்றி வாராவாரம் பத்திரிகையில் வருகிறது. உங்கள் கையில் இருப்பது விளையாட்டுத் துப்பாக்கி என்பது உங்களுக்குத் தெரியும், பார்க்கிறவருக்குத் தெரியாது. துப்பாக்கியோடு தேரிக்காட்டுப் பக்கம் போய் மயிலையோ கொக்கையோ குறிபார்த்து வீடியோ எடுப்பவன் துப்பாக்கி வீரன் இல்லை. வனவிலங்குச் சட்டத்தில் குற்றவாளி.

கடைசியாக, எங்கள் வீட்டுச் செலவுக் கணக்கு. அட்டைக்கு ராத்தாவின் பழைய போன், ஆளுக்கு என் போன். ட்ரைபாட் ஒன்று, பிடிப்பான் ஒன்று, சாய்ந்த விளக்கு ஒன்று, 64 ஜி.பி. கார்டு, அக்ரிலிக் தகடு, சிலிகா ஜெல். எல்லாம் சேர்த்து நாலாயிரத்தைத் தொடவில்லை. கொத்தனாரின் தூக்குக்குண்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மச்சானின் ஆக்‌ஷன் கேமராவும் சும்மா கிடக்கவில்லை. எங்கள் ஊரில் சாயந்தரமானால் கால்பந்து. அகலமான கண் வேண்டிய ஆட்டம் அது. கோல் வலைக்குப் பின்னால் கட்டிவிட்டால் பெனால்டி பகுதி முழுக்க விழுகிறது. மருமகன் அதைத்தான் தினமும் மைதானத்துக்கு எடுத்துப் போகிறான்.